தங்கமுத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர்கள்

மருதங்குடியில் தங்கமுத்து மகள் கல்யாணத்துக்கு, கார்த்திகை மாதத்து ஒரு புதன்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, மாப்பிள்ளை அழைப்புக்காக மேளக்காரர்கள் தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஊர் இடுகாட்டில் புதைத்திருந்த அத்தனை பேரும் வந்து சேர்ந்தார்கள். விடிந்ததுமே கிளம்பியிருக்கிறார்கள். ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அவ்வளவு நேரமா என்று கேட்பீர்கள். கால் இரண்டின் கட்டைவிரலையும் சேர்த்துக் கட்டிவிட்டு நடக்கச் சொன்னால் நீங்களும் நானும் அவ்வளவு நேரம்தான் எடுப்போம்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் உயிர் பிரிந்ததும் வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடையைத் தலையோடு சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டுவார்கள், கால் விலகாமல் இருக்கக் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவார்கள், குழியில் இறக்கும்போது நெருங்கிய சொந்தம் யாராவது குனிந்து அந்த இரண்டு கட்டையும் அவிழ்த்துவிட வேண்டும் என்பது முறை, ஆனால் அழுகையிலும் மழையிலும் யார் முன்னால் நிற்பது என்ற சண்டையிலும் பாதிப் பேருக்கு அது மறந்துபோகும், மறந்ததை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள், மண்ணைப் போட்டு மூடிய பிறகு யார் தோண்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்துவிடுவார்கள். இப்போது தோண்டாமலே தெரிந்துவிட்டது. கட்டு அவிழ்க்கப்பட்டவர்கள் நன்றாக வீசி நடந்திருக்கலாம், இருந்தாலும் கட்டோடு வந்தவர்களுக்காக அங்கங்கே நின்று நின்று, மரத்தடியில் உட்கார்ந்து உட்கார்ந்து, ஒருவரையும் விட்டுவிடாமல் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

நான் சகாயம். அந்தக் கல்யாணத்துக்கு வீடியோ எடுக்கப் போனவன். பெண் வீட்டுக்கும் சொந்தமில்லை, மாப்பிள்ளை வீட்டுக்கும் சொந்தமில்லை, அதனால்தான் இதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. இருபத்தாறு வருஷமாகக் கல்யாணம் எடுக்கிறேன். காபியில் சர்க்கரை குறைந்ததற்குச் சம்பந்தி சண்டை பார்த்திருக்கிறேன், மாலை சின்னதாக இருந்ததற்குத் தாலியே நின்றுபோனதைப் பார்த்திருக்கிறேன், ஆகவே வாசலில் வந்து நின்றவர்களைப் பார்த்தபோது, அவர்கள் கல்யாண மஹாலின் கேட்டுக்கு வெளியே புளியமரத்திலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் மண் காய்ந்த துணியோடும் நெற்றியில் ஒட்டிவைத்த காசோடும் வரிசை கலையாமல் நின்றதைப் பார்த்தபோது, எனக்குப் பயம் அவர்கள் மேல் வரவில்லை. உள்ளே இருந்த இருநூற்று எண்பத்து மூன்று பேர் மேல்தான் வந்தது.

தப்பு நடந்தது தங்கமுத்துவால். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர், எதையும் விசில் ஊதி முடிக்கப் பார்க்கிறவர், எந்தக் கூட்டத்தைப் பார்த்தாலும் தலையை எண்ணாமல் இருக்க முடியாதவர். அந்த ஊரில் முதல் பத்திரிகையைச் செத்துப்போனவர்களுக்கு வைப்பார்கள். அவரவர் வீட்டுச் சமாதியில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை வைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டு, வந்து நடத்திக் கொடுங்க என்று சொல்லிவிட்டு வருவார்கள். தங்கமுத்து தன் மனைவி பவுனம்மாளுக்குத்தான் வைக்கவேண்டும். அவள் செத்துப் பதினைந்து வருஷம் ஆகிறது, மகள் அரசிக்கு அப்போது ஒன்பது வயது. அன்றைக்குப் பார்த்து மழை, இடுகாட்டில் முழங்கால் சேறு, பவுனம்மாள் கடைசி மூலையில் கிடக்கிறாள், ஆட்டோக்காரன் வேறு ஹாரன் அடிக்கிறான். மனிதர் வாசல் தூணிலேயே தட்டை வைத்து, "உள்ள இருக்கறவங்க எல்லாரும் வந்துருங்க, ஒருத்தர் விடாம வந்துருங்க" என்று பஸ்ஸுக்குள் குரல் கொடுக்கிற மாதிரி கொடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறிவிட்டார். கூப்பிட்ட மரியாதைக்கு அவர்களும் ஒருத்தர் விடாமல் வந்துவிட்டார்கள்.

வந்தவர்கள் ஒன்றும் செய்யவில்லை. கதவைத் தட்டவில்லை, சுவர் ஏறவில்லை, யாரையும் கடிக்கவில்லை. வாங்க என்று ஒருவர் சொல்வதற்காக நின்றார்கள். சந்தனக் கும்பாவும் பன்னீர்ச் செம்பும் கல்கண்டுத் தட்டும் கேட்டுக்கு இந்தப் பக்கம் மேசைமேல் தயாராக இருந்தன, அவற்றைத் தூக்கிக்கொண்டு போய்ச் சொல்லவேண்டிய பெண்கள் முதல் தலையைப் பார்த்ததுமே மாடிக்கு ஓடிவிட்டார்கள். வாய்க்கட்டு இல்லாதவர்கள் அவர்களாகவே பேசியிருக்கலாமே என்றால், வாங்க என்று சொல்லாத வாசலில் எந்த விருந்தாளி முதலில் பேசுவான்?

மாப்பிள்ளையின் அப்பா வேலாயுதம் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். உரக்கடை வைத்திருப்பவர், எங்கே போனாலும் ஒரு மணி நேரத்தில் அந்த இடத்துக்கே முதலாளி ஆகிவிடுகிற ஆள். பூட்டிவிட்டுத் திரும்பி அவர் கேட்ட முதல் கேள்வியை நான் கேமராவில் வைத்திருக்கிறேன்.

"ஏன் சம்பந்தி, உங்க ஊர் செத்தவங்க மட்டும் வந்துருக்காங்க. எங்க பக்கத்துக்குப் பத்திரிகை வெச்சீங்களா இல்லியா?"

"உங்க ஊர் சுடுகாட்டுக்கு நீங்கதான வெக்கணும்?" என்றார் தங்கமுத்து.

"அழைப்பு பொண்ணு வீட்டோடது. அப்ப எங்க அப்பா மனுசன் இல்ல, அப்படித்தான?"

இதுதான் ஆரம்பம். வியாழக்கிழமை முகூர்த்தத்துக்கு விடியற்காலையில் வந்த ஐயர் செத்தவர்களோடு வரிசையில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார், உள்ளே யாரும் கேட்டைத் திறப்பதாக இல்லை, அடுத்த ஊரில் அவருக்கு இன்னொரு முகூர்த்தம் இருந்தது, பக்கத்தில் நின்ற செத்தவரிடம் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். முகூர்த்தம் போனது யாரால் என்ற சண்டை அன்று மத்தியானத்துக்குள் முற்றி, தங்கமுத்துவின் மச்சான் ஒருவர் கோலமாவு டப்பாவை எடுத்து மேடையிலிருந்து வாசல் வரைக்கும் மஹாலின் நடுவே ஒரு கோடு இழுத்துவிட்டார். கோட்டுக்கு இந்தப் பக்கம் பெண் வீடு, சமையலறை அவர்களுக்கு. அந்தப் பக்கம் மாப்பிள்ளை வீடு, தண்ணீர் மோட்டார் சுவிட்சும் கேட்டுச் சாவியும் அவர்களுக்கு. பெண் வீட்டார் பந்தி போடமாட்டோம் என்றார்கள், மாப்பிள்ளை வீட்டார் மோட்டாரை நிறுத்தினார்கள். எனக்கு மட்டும் இரண்டு பக்கமும் போய்வர முடிந்தது, இரண்டு பக்கமும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

ஊரோ வேறு மாதிரி இருந்தது. முதல் நாள் கதவை அடைத்துக்கொண்ட மருதங்குடி மறுநாளே கதவைத் திறந்துவிட்டது, ஏனென்றால் பால் வாங்கவேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பவேண்டும். பஸ்காரர்கள் வரிசை முடிகிற இடத்துக்கு ஸ்டாப்பைத் தள்ளிவைத்தார்கள். பூக்காரி ஒருத்தி செத்தவர்கள் நிழலில் கூடையை இறக்கி வியாபாரம் பார்த்தாள். போலீஸ் வந்து, யாரும் புகார் கொடுக்காததால், இது குடும்ப விசேஷம் என்று சொல்லிவிட்டுப் போனது. வெயில் ஏறியபோது யாரோ சாமியானா கட்டிக்கொடுத்தார்கள். ஒரே ஒரு சங்கடம், ஊர்க்காரர்கள் தங்கள் ஆட்களை அடையாளம் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கிட்டே வருவார்கள், தாடைக் கட்டைப் பார்ப்பார்கள், அதை அவிழ்த்தால் மறந்தது தாங்கள்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், அதனால் "எங்க சித்தப்பா இன்னும் கொஞ்சம் ஒசரமில்ல?" என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு நகர்ந்துவிடுவார்கள். அந்தச் சித்தப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு பேசாமல் நிற்பார்.

அரசி மாடி ஜன்னலில்தான் இருந்தாள். கல்யாணப் புடவையை அவிழ்க்கவில்லை. அவள் ஊரைப் பார்க்கவில்லை, மஹாலையும் பார்க்கவில்லை, வரிசையில் கடைசி ஆளாக, பஸ் ஸ்டாப் ஓரமாக, அரக்குச் சிவப்புச் சேலையில் நின்ற ஒருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க கேமராவுல கிட்டக்கப் பாக்க முடியுமா?" என்று கேட்டாள். நான் இழுத்துக் காட்டினேன். திரையில் பவுனம்மாள் முகம் வந்தது. தாடையில் கட்டு. கீழே இறக்கினேன், கால் விரலில் கட்டு.

அரசி திரையில் தெரிந்த கட்டை விரலால் தொட்டாள். பிறகு, "அவுத்துட்டேன்னு சொன்னாருண்ணே அப்பா" என்றாள். "நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப ஒவ்வொரு ராத்திரியும் கேப்பேன். அம்மாவுக்கு வாய் வலிக்குமாப்பான்னு. அவுத்துட்டேன்மா, நான்தான் குனிஞ்சு அவுத்தேன்னு சொல்லுவாரு. அத நம்பித்தான் தூங்குனேன்."

அவள் அழவில்லை. கேட்டுக்குப் போகவேண்டும், அம்மாவை வாங்க என்று சொல்லவேண்டும், அந்தக் கட்டைத் தன் கையால் அவிழ்க்கவேண்டும், அம்மா ஒரு வார்த்தை பேசிக் கேட்கவேண்டும், அதற்குப் பிறகு கல்யாணம் நடந்தாலும் சரி நடக்காவிட்டாலும் சரி என்றாள். சாவி வேலாயுதத்தின் இடுப்பில் இருந்தது. கோலமாவுக் கோட்டருகே போய்க் கதிரேசனைக் கூப்பிட்டாள். மாப்பிள்ளைப் பையன் நல்ல பையன், ஆனால் அப்பாவைக் கேட்காமல் தண்ணீர்கூடக் குடிக்காதவன்.

"சாவி வேணுங்க. எங்கம்மா வெளிய நிக்கறாங்க."

"அப்பாகிட்ட கேக்கணும்" என்றான் கதிரேசன்.

"கேளுங்க."

அவன் போய்க் கேட்டான். செத்தவர்களை உள்ளே விடுவதென்றால் முதலில் தன் அப்பாவுக்குத் தங்கமுத்து நேரில் போய்ப் பத்திரிகை வைத்து, அவர் வந்து, அவர்தான் முதலில் படியேறவேண்டும் என்றார் வேலாயுதம். வெளியே போகாமல் எப்படிப் பத்திரிகை வைப்பது என்று தங்கமுத்து கேட்டார். அது உங்க பாடு என்றார் வேலாயுதம். தங்கமுத்துவும் இந்தப் பேச்சை மேலே வளர்க்கவில்லை. அவருக்குக் கேட்டைத் திறக்க வேண்டாம் என்றுதான் இருந்தது, ஏனென்று அரசிக்குத் தெரிந்திருந்தது.

நாலாம் நாள் முதல் ரத்தம் விழுந்தது. வேலாயுதத்தின் தம்பி கோட்டைத் தாண்டி ரசம் எடுக்க வந்தார், பெண் வீட்டுப் பெரியம்மா ஒருத்தி இரும்புக் கரண்டியால் அவர் மண்டையில் போட்டாள். பதிலுக்கு அவர்கள் வாழைத்தாரை வெட்டுகிற அரிவாளைக் காட்டினார்கள். செத்தவர்கள் சாமியானாவுக்குக் கீழே அமைதியாக நிற்க, உயிரோடு இருந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலிகளைக் குவித்து அரண் கட்டினார்கள், தூங்குவதற்கு முறை வைத்தார்கள், யார் வீட்டுக் குழந்தை எந்தப் பக்கத்துக் குழந்தையோடு விளையாடியது என்று விசாரித்து அடித்தார்கள். ஏன் என்று கேட்டால், வெளியே ஆபத்து இருக்கிறதே என்றார்கள்.

சமையல் மாஸ்டர் பிச்சைமணி இதிலெல்லாம் சேரவில்லை. அடுப்பு எரியும்வரை அவர் சமைப்பார். பெண் வீட்டு அண்டாவிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்கு மறைவாக ஒரு வாளி சாம்பார் போய்க்கொண்டிருந்தது, ஐந்தாம் நாள் அதைப் பிடித்துவிட்டார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் இரு வீட்டாரும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். பெண் வீட்டார் துரோகி என்றார்கள், மாப்பிள்ளை வீட்டார் சாம்பாரில் எதையாவது கலந்திருப்பான் என்றார்கள், எட்டுப் பேர் அவரைத் தூக்கிச் சுவருக்கு அந்தப் பக்கம் போட்டார்கள். ஐயோ என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

நான் மாடிக்கு ஓடிப் பார்த்தேன். பிச்சைமணி மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து நின்றிருந்தார். செத்தவர்கள் இரண்டடி நகர்ந்து அவருக்கு நிழலில் இடம் கொடுத்திருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் அவர்களைப் பார்த்தார், எதிரே இருந்த டீக்கடையில் போய் ஒரு டீ குடித்தார், அப்புறம் எங்கேயோ போய் அண்டாவும் அரிசியும் கொண்டுவந்து புளியமரத்தடியில் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டினார். மூட்டிவிட்டு மஹாலைப் பார்த்துக் கத்தினார்.

"யோவ், ஒண்ணும் பண்ண மாட்டாங்கய்யா! வெளிய வாங்கய்யா!"

"பாத்தீங்களா, பிச்சைமணியும் போயிட்டான்" என்றார் வேலாயுதம். "செத்தவங்க பேச்சு அப்படித்தான் இருக்கும், வா வான்னு கூப்புடும்."

ஐந்து நாளில் முதல்முறையாகத் தங்கமுத்து அவர் சொன்னதை ஒத்துக்கொண்டு தலையாட்டினார். டீ குடித்தாரே என்று நான் சொன்னதற்கு, நீ எந்தப் பக்கம் என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். எனக்கே குழப்பமாகிவிட்டது. அன்று ராத்திரி என் மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டேன்.

ஏழாம் நாள் காலை கதிரேசன் கோட்டருகே வந்து நின்றான். பட்டு வேட்டி ஏழு நாளில் கசங்கிக் கந்தலாகியிருந்தது. கையை நீட்டினான். சாவி.

"அப்பாகிட்ட கேட்டீங்களா?" என்றாள் அரசி.

"குளிக்கப் போயிருக்காரு" என்றான். குளியலறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். "தண்ணி நிக்கறதுக்குள்ள வாங்க."

அரசி மேசையில் காய்ந்து கிடந்த சந்தனத்தில் தண்ணீர் விட்டுக் குழைத்தாள், கல்கண்டில் எறும்பை ஊதிவிட்டாள், பூட்டைத் திறந்து கேட்டை இரண்டு பக்கமும் அகலமாகத் தள்ளி, இரண்டு கையையும் கூப்பினாள்.

"வாங்க. எல்லாரும் வாங்க. நிக்க வெச்சுட்டோம், மன்னிச்சுக்கங்க."

முன்னூறு தலைகள் ஒன்றாகக் குனிந்து நிமிர்ந்தன. ஒவ்வொருவராக வந்தார்கள். அரசி ஒவ்வொருவருக்கும் சந்தனம் வைத்தாள், கட்டோடு வந்தவர்களுக்குத் தாடைக் கட்டை அவிழ்த்தாள், கதிரேசன் கீழே உட்கார்ந்து பிச்சைமணியின் காய்கறிக் கத்தியால் கால்கட்டை அறுத்தான், நான் கேமராவை ஸ்டாண்டில் விட்டுவிட்டுப் பன்னீர் தெளித்தேன். உள்ளே நாற்காலி அரணுக்குப் பின்னால் இருந்தவர்கள் வருகிறவர்களைப் பார்த்தார்கள், தங்கள் ஆள் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பவுனம்மாள் வருவதற்குள் மணி பதினொன்று ஆகிவிட்டது.

அரசி அவள் முகத்தைத் துடைத்தாள். பின்னந்தலையில் முடிச்சு பதினைந்து வருஷத்தில் இறுகிக் கல்லாகியிருந்தது, நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, கத்தி வாங்காமல் கையாலேயே அவிழ்த்தாள். துணி விழுந்தது. தாடையில் அது அழுத்திய தடம் அப்படியே இருந்தது. அம்மா வாயைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள், ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பா" என்று அரசி திரும்பிக் கூப்பிட்டாள். தங்கமுத்து தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். "நீங்கதான குனிஞ்சு அவுத்தீங்க?"

"மழை பேஞ்சுதும்மா" என்றார் அவர். "டூட்டிக்கு நேரமாயிருச்சு. குழிக்குள்ள பாத்தேன், பாக்க முடியல. நீ கேக்கக் கேக்க, அவுத்துட்ட மாதிரியே எனக்கும் ஆயிருச்சும்மா."

அரசி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போய் முதல் பந்தியில் முதல் இலையில் உட்காரவைத்தாள். கால்கட்டு அறுந்த பிறகும் பவுனம்மாள் பழக்கத்தில் சின்னச் சின்ன அடியாகத்தான் வைத்தாள். பிச்சைமணி வெளியே வடித்த சோற்றைக் கொண்டுவந்து பரிமாறினார். செத்தவர்கள் இலையில் தண்ணீர் தெளித்தார்கள், பிசைந்தார்கள், மெதுவாக மென்றார்கள். அந்த நேரத்தில் மஹாலில் சோறு பிசைகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை, ஒரு பெண் எழுந்து போய்த் தன் புருஷனுக்கு அப்பளம் வைத்தாள், இன்னொருவர் தயங்கித் தயங்கித் தன் சித்தப்பாவுக்கு மோர் ஊற்றினார், நடந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அப்போது வேலாயுதம், மோட்டார் சுவிட்ச் தன் கையில் இருக்கிற தைரியத்தில் இரண்டு மணி நேரமாகக் குளித்துவிட்டு வந்தார். தலையைத் துவட்டிய துண்டோடு பந்தியைப் பார்த்தார், முதல் இலையைப் பார்த்தார்.

"மாப்ள வீட்டுக்காரன் ஒருத்தன் உக்காரல. பொண்ணப் பெத்தவளுக்கு முதல் எலையா? அதும் செத்தவளுக்கு?"

சொல்லிக்கொண்டே வந்து, குனிந்து, பவுனம்மாள் அடுத்த கவளத்துக்குக் கை வைத்திருந்த இலையை அவள் கைக்கு அடியிலிருந்து இழுத்தார்.

சாப்பிடுகிறவர் முன்னாலிருந்து இலையை எடுத்ததை என் இருபத்தாறு வருஷத்தில் நான் பார்த்ததில்லை. பெண் வீட்டார் பாய்ந்தார்கள், மாப்பிள்ளை வீட்டார் பாய்ந்தார்கள், நாற்காலி பறந்தது, கரண்டி பறந்தது, பாயச வாளி கவிழ்ந்து கோலமாவுக் கோட்டின்மேல் ஓடியது. உட்கார்ந்திருந்தவர்களின் முதுகிலும் அடி விழுந்தது, அவர்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் ஒன்றாகக் கையை உதறிவிட்டு எழுந்தார்கள். வரிசையாகப் போய்க் கை கழுவினார்கள். தாம்பூலப் பை வைத்திருந்த மேசையைத் தாண்டி, ஒருவரும் ஒரு பையைத் தொடாமல், ஒருவரும் வாயைத் திறக்காமல் வெளியே நடந்தார்கள். எல்லாருக்கும் கட்டு அவிழ்ந்திருந்தது, பேச முடியும், பேசவில்லை.

சண்டை தானாக நின்றுவிட்டது. கல்யாண வீட்டில் சாப்பிட்டவர் யாரும் போயிட்டு வர்றோம் என்று சொல்லாமல் இறங்கமாட்டார்கள். சொல்லிக்கொள்ளாமல் ஒரு வீட்டிலிருந்து இறங்குவது எப்போது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் யார் செத்தது? ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். தங்கமுத்து பழக்கதோஷத்தில் தலையை எண்ண ஆரம்பித்தார், பிச்சைமணியை விட்டுவிட்டு எண்ணினார், சேர்த்து எண்ணினார், மண்டை உடைந்து படுத்திருந்தவரின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்து எண்ணினார்.

"இருநூத்தி எம்பத்தி மூணு. எல்லாரும் உசுரோடதான் இருக்கோம்" என்றார். அதைச் சொன்ன பிறகும் யாருக்கும் தெளியவில்லை. இரண்டு மூன்று பேர் தங்களைத் தாங்களே கிள்ளிப் பார்த்துக்கொண்டார்கள்.

அரசி ஓடினாள். பவுனம்மாள்தான் கடைசியாகப் போய்க்கொண்டிருந்தாள், கேட்டருகே பிடித்துவிட்டாள்.

"அம்மா, ஒரு வார்த்தை பேசலியேம்மா. சொல்லிக்காமப் போறியேம்மா."

பவுனம்மாள் நின்றாள். மஹாலைத் திரும்பிப் பார்த்தாள். பதினைந்து வருஷம் பேசாத தொண்டையிலிருந்து குரல் மண் உதிர்கிற மாதிரி வந்தது.

"சாவு வீட்டுலேருந்து சொல்லிக்கிட்டா போவாங்க?"

அரசிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. வாசலில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். இந்த ஒரு வார்த்தைக்காகவா ஏழு நாள் ஜன்னலில் நின்றோம் என்று அவள் நினைத்திருப்பாள். யாரும் அவளைத் தூக்கவில்லை, எந்தப் பக்கத்தார் தூக்குவது என்று தெரியாமல் நின்றார்கள்.

கதிரேசன் மேடைக்குப் போனான். தேங்காய்த் தட்டில் காய்ந்த மஞ்சளோடு கிடந்த தாலியை எடுத்தான், அரசியிடம் வந்தான். "இங்க வேணாங்க" என்றான். "எந்திரிங்க. ரோட்டுக்குப் போயிருவோம்."

"டேய், கேட்டைத் தாண்டுன, நீ எனக்குச் செத்த மாதிரி" என்றார் வேலாயுதம்.

"சரிப்பா" என்றான் அவன்.

புளியமரத்தடியில் நடந்தது கல்யாணம். போய்க்கொண்டிருந்தவர்கள் நின்று, திரும்பி, சுற்றிவளைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் உயிரோடு இருந்தபோது தவில் வாசித்தவராம், பிச்சைமணியின் காலி அண்டாவைக் கவிழ்த்துப்போட்டுக் கெட்டிமேளம் தட்டினார். பஸ்ஸில் போனவர்கள் இறங்கி அட்சதை போட்டார்கள், பூக்காரி கூடையைக் கவிழ்த்தாள். சுமங்கலியாகப் போனவள் பவுனம்மாள், மூன்றாவது முடிச்சை அவள்தான் போட்டாள். பதினைந்து வருஷம் ஒரு முடிச்சுக்குள் கிடந்தவள், இந்த முடிச்சை எவ்வளவு இறுக்கவேண்டும் என்று தெரிந்து, கழுத்தில் அழுத்தாமல் போட்டாள்.

பிறகு அவர்கள் விடைபெற்றார்கள். ஒவ்வொருவராக வந்து, "போயிட்டு வர்றோம்மா", "போயிட்டு வர்றேன் மாப்ள", "போயிட்டு வர்றோம் மாஸ்டர், சாம்பார் நல்லாருந்துது" என்று சொல்லிவிட்டு, கட்டில்லாத காலை வீசி நடந்தார்கள். என்னிடமும் சொன்னார்கள். கடைசியாகப் பவுனம்மாள் மகளின் தாடையை இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "போயிட்டு வர்றேன் சாமி" என்றாள்.

"போயிட்டு வாம்மா" என்றாள் அரசி.

அவர்கள் வளைவு திரும்பும்வரை பார்த்துவிட்டு அரசி மஹால் பக்கம் திரும்பினாள். கேட் அகலமாகத் திறந்துதான் கிடந்தது. உள்ளே இரு வீட்டாரும் வாசல்வரை வந்து நின்றிருந்தார்கள். ஒருவரும் படி இறங்கவில்லை. வாங்க என்று அவள் சொல்வதற்காக நின்றார்கள். மாப்பிள்ளை வீட்டாரை முதலில் அழைத்துவிடுவாளோ என்று பெண் வீட்டாரும், பெண் வீட்டாரை முதலில் அழைத்துவிடுவாளோ என்று மாப்பிள்ளை வீட்டாரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அரசி தன் அப்பாவையே பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள், கோபம் போகவில்லை, முகத்தில் தெரிந்தது.

"வாங்கப்பா" என்றாள்.

தங்கமுத்து இறங்கி வந்தார். வாழ்க்கை முழுக்க ஓடுகிற பஸ்ஸில் ஏறி இறங்கியவர், அந்த இருபதடி தூரத்தைக் கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டின மாதிரி சின்னச் சின்ன அடியாக வைத்து வந்தார். மகளிடம் வந்து சேர்ந்ததும் குனிந்தார், எதையோ அவிழ்ப்பதுபோல அவள் காலடியில் கையை வைத்துக்கொண்டு எழுந்திருக்காமலே இருந்தார். அரசி அவர் தலைமேல் கை வைத்தாள்.

மற்றவர்களை அவள் அழைக்கவில்லை. கதிரேசனும் அழைக்கவில்லை. அவர்களாக வந்திருக்கலாம், வரவில்லை.

நான் கேமராவை மடக்கிப் பையில் போட்டேன், ஸ்டாண்டைத் தோளில் மாட்டினேன். எந்த மண்டபத்திலிருந்து கிளம்பினாலும் இரு வீட்டாரிடமும் சொல்லிவிட்டுக் கிளம்புவது என் வழக்கம், இருபத்தாறு வருஷத்தில் தவறியதில்லை. கேட்டருகே போய் நின்று, வேலாயுதத்தைப் பார்த்து, அவருக்குப் பின்னால் அசையாமல் நின்ற அத்தனை பேரையும் பார்த்து, போயிட்டு வர்றேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டு, சொல்லாமல், பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தேன்.